பதினான்காம் சுற்று

உவர்நாடு, முதல் பாகம், பதினான்காம் சுற்று.
பாலத்தின் நடுக் கட்டத்தில்
வார்ட்டனைத் தனியாக நிறுத்தி
'முடி' என்று அழுத்திவிட்டு
ஐஸ் பிளான்ட் போனை எடுத்தேன்.
எழுபது பார், இரண்டு லோடு, பணம் சனிக்கிழமை.
குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது
வில்லாளிகள் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

சாதாரண ஈட்டிக்காரன்.
அதுவரை ஒரே வசனம்தான் பேசியிருந்தான்:
"நீரோட்டம் திரும்புது, தளபதி."
இந்த ஆட்டத்தில் செத்தவன் செத்தவன்தான்.
பழைய சேமிப்புக்குப் போய் எழுப்பியிருக்கலாம்.
கரண்ட் போனது.
வந்த பிறகும் நான் போகவில்லை.

தோஹாவுக்குக் கிளம்பும் முன்
அதே டிவியில் ஜெரோனும் ஆடி முடித்தான்.
அவன் பாலத்தில் வார்ட்டன்
மூன்று அம்பு வாங்கியும் நின்றான்.
தம்பி எப்போதும் அப்படித்தான்,
ஒருத்தனைத் தனியே விடமாட்டான்,
சாப்பாடு ஆறினாலும்.

இரண்டாம் பாகம் முப்பது வருடம் கழித்து நடக்கிறது.
அதே கடல், அதே வரைபடம்.
வடக்குக் கோட்டை மட்டும் இடிந்து கிடக்கிறது,
நான் மூன்று ராத்திரி முற்றுகையிட்ட வாசலில்
ஆடு மேய்கிறது.
தொடங்கும் முன் ஒரு கேள்வி:
பழைய சேமிப்பு இருக்கிறதா?

இருந்தது.
தைல டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்த மெமரி கார்டு.
பாம்பனில் உப்புக்காற்று
சைக்கிளைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும்,
அதற்கு இது எம்மாத்திரம்.
'படிக்க இயலவில்லை' என்றது திரை.

சேமிப்பு இல்லாதவர்களுக்காக
கம்பெனியே ஒரு வரலாறு வைத்திருக்கிறது.
அதில் வார்ட்டன் உயிரோடிருக்கிறான்.
தொப்பை போட்டு, துறைமுகத்தில் சுங்கம் வசூலித்துக்கொண்டு,
என் தளபதியின் மகளை நிறுத்தி
"உங்கப்பாவுக்காகப் பாலத்துல நின்னவன் நான்" என்கிறான்.

நிற்கவில்லை அய்யா.
உங்களைச் சாகவிட்டவள் நான்தான்.
எழுபது பார் ஐஸுக்காக.

வீடியோ காலில் ஜெரோன் சிரித்தான்.
"என் ஆட்டத்துல நடந்ததுதான் நெஜம்.
உன்னுது சும்மா ஒரு கனவுன்னு வச்சுக்க."
கனவில் எவளாவது
செத்தவனின் ஈட்டியை எடுத்து
இன்னொருத்தன் கையில் கொடுத்து
பதினைந்தாம் சுற்றைத் தொடங்குவாளா?
போனை வைத்துவிட்டேன்.
நாலு நாள் பேசவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பாலங்கள்.
புதியதில் ரயில் போகிறது,
பழையதில் நீர்க்காகம் சிறகு காய வைக்கிறது.
கீழே வழக்கம்போல
பெண்கடல் ஆண்கடலுக்குள் இறங்கும்,
காற்று மாறினால் அது இதற்குள் ஏறும்.
எது முதல் பாகம், எது இரண்டாம் பாகம் என்று
தண்ணீரிடம் கேட்டுப் பார்க்கத் தோன்றியது.
பின்னால் பஸ் ஹாரன் அடித்தான்.

மூன்றாம் பாகம் தடைக்காலத்தில் கிடைத்தது.
விசைப்படகெல்லாம் கரையில்,
பிளான்ட்டில் ஒரு மோட்டார்தான் ஓடுகிறது.
கதை முதல் பாகத்துக்கும் இருபது வருடம் முன்னால்.
பாலமே இன்னும் கட்டவில்லை,
அந்த இடத்தில் ஒரு தோணித்துறை.
தோணியில் உப்பு மூட்டைமேல் ஆறு வயதுப் பையன்.
பெயர் பார்த்தேன்.

மனசு எப்படிப்பட்டது பாருங்கள்.
வேண்டுமென்றே அவனை வில்லாளிகள் முன்னால் கொண்டுபோனேன்.
'வார்ட்டன் வீழ்ந்தான். மீண்டும் முயல்க.'
இன்னொரு முறை.
'மீண்டும் முயல்க.'
மற்ற யாரை வேண்டுமானாலும் கொல்லலாம்,
தோணிக்காரனை, அவன் அம்மாவை.
இவனுக்கு மட்டும் அனுமதி இல்லை.
இவன் வளர்ந்து பாலத்துக்கு வந்து சேர வேண்டும்.
அங்கே ஒருத்தி போன் எடுக்க வேண்டியிருக்கிறது.

பையன் கேட்கிறான்:
"தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"
பதில் சொல்ல இரண்டு பொத்தான்.
எதை அழுத்தினாலும் கதை ஒன்றுதான் என்று
ஜெரோன் மெசேஜ் அனுப்பியிருந்தான்.
தடைக்காலம், யாரும் கூப்பிடப் போவதில்லை.
இருந்தாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அவனைத் தோணியின் நடுவில் உட்கார வைத்தேன்.